சபாவில் உட்கார்ந்த சமூகவியல்: மில்டன் சிங்கரின் சென்னை

1

லெவி-ஸ்ட்ராஸ், ஃபூக்கோ, தெரிதா என்று ஐரோப்பியப் பெயர்களை வரிசையாகப் பேசித் தீர்த்த தமிழ்ச் சிறுபத்திரிகைச் சூழலில் மில்டன் சிங்கர் (1912–1994) அதிகம் பேசப்பட்டவரல்ல. இத்தனைக்கும் அவர் தமது கோட்பாட்டைக் கட்டியது நம்ம ஊரில்தான். மயிலாப்பூர் மாடவீதிகள், சபா மேடைகள், வீட்டுக்கூடத்து பஜனைகள், சென்னையின் பெரும் தொழிலதிபர்கள் ஆகியவைதாம் அவருடைய தரவுகள். இவற்றிலிருந்து அவர் உருவாக்கிய 'பண்பாட்டு நிகழ்த்துதல்' என்ற கருத்தாக்கம் இன்று உலகம் முழுக்க நிகழ்த்துகலை ஆய்வுகளில் புழங்குகிறது. அதன் மூலத்தில் ஒரு மயிலாப்பூர் இருக்கிறது என்பது பலருக்கு நினைவில் இல்லை.

சிங்கரைப் புகழ்வதோ அடித்து நொறுக்குவதோ இக்கட்டுரையின் நோக்கமல்ல. வெள்ளைக்காரர் ஒருவர் வந்து பார்ப்பனர்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் அந்த வரி நமக்கு எதையும் கற்றுத்தராது. ஒரு ஆய்வாளர் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார், யார் அவருக்கு நாற்காலி போடுகிறார்கள், அந்த இடத்திலிருந்து எவை தெரிகின்றன, எவை தெரியாமல் போகின்றன என்ற கேள்விகள் முக்கியமானவை. சிங்கரின் சென்னை இவற்றைக் கேட்டுப் பார்க்க நல்லதொரு உதாரணம்.

2

சிங்கர் போலந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். டெக்சாஸில் படித்துவிட்டு, தர்க்கவியலாளர் ருடால்ஃப் கார்னாப் இருந்த சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1940இல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய முதல் ஈடுபாடு கணித தர்க்கம். அங்கிருந்து மயிலாப்பூர் பஜனைக்கு வந்து சேர்ந்தது எப்படி?

நடுவில் இருப்பவர் ராபர்ட் ரெட்ஃபீல்டு. மெக்சிகோ கிராமங்களை ஆராய்ந்த மானுடவியலாளர் அவர். கிராமத்தை ஒரு தனித்தீவாகப் பார்க்கும் மானுடவியல், இந்தியா, சீனா போன்ற பழைய நாகரிகங்களைப் புரிந்துகொள்ளப் போதாது என்று அவர் கருதினார். கோவில், மடம், ஏடு, பண்டிதர் வழியே சிந்தித்துப் பேணப்படுவதைப் 'பெருமரபு' என்றும், எழுத்தறியாத பெருந்திரள் மக்களின் வாழ்வில் தானாக நடந்தேறுவதைச் 'சிறுமரபு' என்றும் பிரித்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்கின்றன என்பது அவர் வாதம். 1951இலிருந்து ஃபோர்டு அறக்கட்டளையின் பண உதவியோடு நடந்த நாகரிகங்களின் ஒப்பாய்வுத் திட்டத்தில் சிங்கர் ரெட்ஃபீல்டின் கூட்டாளி. பனிப்போர்க் காலம் அது. ஆசிய நாடுகளை அறிந்துகொள்வது அமெரிக்காவுக்கு அரசியல் தேவையாகவும் இருந்தது. அந்தப் பணம்தான் அங்கே 'தெற்காசியத் துறை'களை வளர்த்தது. சிகாகோவின் துறையைக் கட்டியெழுப்பியவர்களில் சிங்கர் முக்கியமானவர். பின்னாளில் ஏ.கே. ராமானுஜன் சங்கப் பாடல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்ததும் அந்த வளாகத்தில்தான்.

1954–55இல் சிங்கர் முதன்முறையாக இந்தியா வந்தார். 1960–61இலும் 1964இலும் மறுபடி வந்தார். சென்னையில் அவருக்கு வழிகாட்டியவர் சென்னைப் பல்கலைக்கழக சமஸ்கிருதத் துறையின் வே. ராகவன். ராகவனைச் சாதாரணத் 'தகவலாளி' என்று சொல்லிவிட முடியாது. மாபெரும் சமஸ்கிருத அறிஞர், மியூசிக் அகாதமியின் செயலாளர், கச்சேரியையும் நாட்டியத்தையும் ஹரிகதையையும் உள்ளிருந்து அறிந்தவர். சிங்கர் தொகுத்து 1959இல் வெளியான 'மரபுசார் இந்தியா' பற்றிய நூலில் ராகவனும் கட்டுரை எழுதியிருக்கிறார். அதாவது, ஆராயப்படும் பெருமரபின் பிரதிநிதியே ஆய்வின் சக ஆசிரியராகவும் இருக்கிறார். இதைச் சிங்கர் மறைக்கவில்லை, நன்றியோடு பதிவு செய்கிறார். நாம் கவனிக்க வேண்டியது இதன் விளைவை. நகரத்தின் வரைபடம் ஆய்வாளர் கைக்கு வரும்போதே ஒருவரால் வரையப்பட்டு வருகிறது.

3

சரி, சிங்கர் என்னதான் கண்டுபிடித்தார்?

பெருநகரத்துக்கு வந்தவருக்கு முதல் சிக்கல் அளவு பற்றியது. கிராமம் என்றால் தெரு தெருவாகப் போய்க் கணக்கெடுக்கலாம். இத்தனை பெரிய நகரத்தில் 'பண்பாடு' என்பதை எங்கே தொட்டுப் பார்ப்பது? சென்னை நண்பர்களிடம் அவர்களுடைய பண்பாட்டைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர்கள் அவரை ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனார்கள். கல்யாணம், உபநயனம், கோவில் உற்சவம், காலட்சேபம், கச்சேரி, நாட்டியம், நாடகம். தங்களுக்கும் அந்நியருக்கும் தங்கள் பண்பாட்டை எடுத்துக்காட்ட அவர்களிடம் இருந்தவை இவை. சிங்கர் இதையே ஆய்வின் அலகாக ஆக்கினார். ஒவ்வொரு நிகழ்த்துதலுக்கும் வரையறுத்த காலம் உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு. ஒழுங்கு செய்யப்பட்ட நிகழ்ச்சிநிரல், நிகழ்த்துபவர்கள், பார்வையாளர்கள், ஓர் இடம், ஒரு சந்தர்ப்பம் உண்டு. 'பண்பாடு' என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணால் பார்க்கக்கூடியதாக இது ஆக்குகிறது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான கருவி.

கருவி நல்லது என்பதால்தான் அதை அவர் எங்கே நீட்டினார் என்பதைக் கேட்க வேண்டியிருக்கிறது. 1954இல் சென்னை மாநிலத்தில் நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் பெரியார் பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்தினார். ராஜாஜியின் அரைநேரப் பள்ளித் திட்டம் 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்டு, 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அதே ஆண்டு எம்.ஆர். ராதாவின் 'இராமாயணம்' நாடகம் மேடையேறியது. அதே ஆண்டில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. தெருமுனைகளில் தி.மு.க. கூட்டங்கள் நள்ளிரவுவரை நடந்துகொண்டிருந்தன.

சிங்கர் வகுத்த இலக்கணத்தை இவற்றின்மேல் வைத்துப் பாருங்கள். காலம், நிரல், நிகழ்த்துபவர், பார்வையாளர், இடம், சந்தர்ப்பம் எல்லாம் அச்சாகப் பொருந்தும். ராதாவின் ராமன் மேடைக்கு வருவது, பெருமரபை அதன் சொந்தக் கதையை வைத்தே தலைகீழாக்கும் பண்பாட்டு நிகழ்த்துதல் அல்லாமல் வேறென்ன? அரசாங்கத்துக்கு அது புரிந்திருந்தது, அதனால்தான் சட்டம் போட்டது. சிங்கர் பார்ப்பனரல்லாதார் இயக்கத்தை அறியாதவரல்ல. தமது எழுத்தில் அதைத் தொட்டுக்காட்டவும் செய்கிறார். ஆனால் அது அவருக்குப் பெருமரபு எதிர்கொள்ளும் ஒரு நெருக்கடி, ஒரு பின்னணி. அதுவே ஒரு பண்பாட்டு ஆக்கம் என்று அவர் கணக்கில் வரவில்லை. இதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. அதே சிகாகோவில் பயின்ற பெர்னார்டு பேட், மதுரையில் தங்கி மேடைத்தமிழை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட நூல், திராவிட இயக்க மேடைப்பேச்சை ஒரு அழகியலாகவே எடுத்துக்கொண்டது. சிங்கரின் கருவி உரிய இடத்துக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது எனலாம்.

4

இன்னொரு விஷயம். 'பெருமரபு' என்று சிங்கர் கண்ட மேடைக்கு அப்போது வயது எத்தனை? மியூசிக் அகாதமி 1928இல் பிறந்தது. கலாக்ஷேத்ரா 1936இல் அடையாறில் தொடங்கப்பட்டது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. இசை வேளாளர் குடும்பங்களின் கையிலிருந்த சதிர், 'பரதநாட்டியம்' என்ற பெயரில் மேல்சாதி நடுத்தர வர்க்கத்தின் மேடைக்கு இடம் மாறியது அவர் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்குள் நடந்தது. தெலுங்குக் கீர்த்தனைகளே கோலோச்சிய மேடைக்கு எதிராகத் தமிழிசை இயக்கம் கிளம்பி, 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானதும் அண்மைச் செய்திதான். ஆக, ஒரு தலைமுறைக்குள் சண்டைபோட்டுக் கட்டப்பட்ட ஒன்று, ஆயிரங்காலத்துப் பயிராக ஆய்வாளர்முன் வந்து நிற்கிறது. மரபு மாறிக்கொண்டே இருப்பது என்று சிங்கரே வலியுறுத்துகிறார். மாற்றத்தில் யார் எதை இழந்தார்கள் என்ற கணக்குதான் அவரிடம் இல்லை.

பஜனை பற்றிய அவருடைய கட்டுரை (1966இல் அவரே தொகுத்த கிருஷ்ணன் பற்றிய நூலில் உள்ளது) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போதேந்திரர், ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமி என்ற தஞ்சைப் பகுதிக் குருமார்களின் சம்பிரதாயம் நகரத்து வீடுகளில் வாராந்திர பஜனையாகவும் ராதா கல்யாணமாகவும் தழைப்பதை நுணுக்கமாக வர்ணிக்கிறார். வேதம் ஓதவும் கர்மானுஷ்டானம் செய்யவும் அவகாசமில்லாத ஆபீஸ் உத்தியோகஸ்தருக்கு பக்தி எளிய வழியாகிறது என்கிறார். பஜனையில் எல்லோரும் ஒருவர் காலில் ஒருவர் விழுகிறார்கள், கட்டித் தழுவிக்கொள்கிறார்கள், பாகவதர்களுக்குள் சாதி இல்லை என்ற இலட்சியம் அங்கே பேசப்படுகிறது. அதே சமயம் கலந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் பார்ப்பனர்கள், குறிப்பாக ஸ்மார்த்தர்கள் என்பதையும் அவரே எழுதுகிறார்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். சாதி இல்லை என்று அறிவிக்கிற ஒரு கூடத்துக்குள் ஒரே சாதி உட்கார்ந்திருக்கிறது. இதில் பொய் வேடம் இருப்பதாக நினைக்க வேண்டியதில்லை, அந்தப் பக்தி உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் வாசலுக்கு வெளியே சாதியைப் பற்றி வேறொருவர் உரத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், உள்ளே சமத்துவம் ஓர் அனுபவமாக மட்டும் கிடைத்துவிடுவது என்ன வேலை செய்கிறது? தி. நகரின் தெருப்பெயர்களைப் பாருங்கள். பிட்டி தியாகராயர், டாக்டர் நாயர், பனகல், உஸ்மான், நடேசன். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் உருவான பேட்டை அது. அந்தப் பெயர்களைத் தாங்கிய தெருக்களில்தான் சபாக்களும் பஜனைகளும் செழித்தன. இந்த முரண் ஒரு சமூகவியலாளருக்கு அல்வா மாதிரி. சிங்கர் அதன்மேல் நடந்து போயிருக்கிறார்.

5

அவருடைய மிக முக்கியமான பங்களிப்பு 1964இல் பத்தொன்பது தொழிலதிபர்களிடம் எடுத்த நேர்காணல்களிலிருந்து வந்தது. மாக்ஸ் வேபர், இந்து மதத்தின் கர்ம நம்பிக்கையும் சாதியும் முதலாளித்துவத்துக்குத் தடை என்று வாதிட்டவர். நவீனமயமாதல் கோட்பாட்டாளர்களோ, தொழிற்சாலை வந்தால் மரபு கரைந்துபோகும் என்று நம்பினார்கள். சென்னைத் தொழிலதிபர்கள் இரண்டையும் பொய்யாக்குகிறார்கள் என்று சிங்கர் காட்டினார். அவர்கள் மதத்தைக் கைவிடவில்லை, தொழிலிலும் பின்தங்கவில்லை.

எப்படிச் சமாளித்தார்கள்? சிங்கர் இதற்குக் 'கூறுபடுத்தல்' என்று பெயர் வைத்தார். ஆபீசில் கோட்டு சூட்டு, ஆங்கிலம், எல்லாச் சாதியாரோடும் கலந்த வேலை. வீட்டில் வேட்டி, தாய்மொழி, ஆசாரமான சமையல். இரண்டு உலகத்துக்கும் இரண்டு விதி, இடையில் சண்டையில்லை. வேலையிடம் சடங்குத் தீட்டு பார்க்கத் தேவையில்லாத நடுநிலைப் பகுதியாகிவிடுகிறது. நேரமில்லாதவர் சார்பில் சடங்குகளை மற்றவர்கள் செய்கிறார்கள். இதைப் 'பதிலிச் சடங்கு' என்று சொல்லலாம். இந்த ஆய்வுகளெல்லாம் 'ஒரு பெருமரபு நவீனமாகும்போது' என்ற பொருள்படும் தலைப்பில் 1972இல் நூலாக வந்தன.

மேற்கு நாடுகளின் திமிரான நவீனமயக் கோட்பாட்டுக்கு எதிராக இது உண்மையிலேயே வலுவான வாதம். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் 'பதிலி' யார்? புரோகிதர் ஒருவர். இன்னொருவர் மனைவி. கணவர் கோட்டு போட்டுக்கொண்டு நவீனமாகும் நேரத்தில், மடியாகச் சமைத்து, விரதம் இருந்து, விளக்கேற்றி, வீட்டுக்குள் மரபைச் சுமப்பவர் அவர். இந்தக் 'கூறுபடுத்தல்' ஒரு மனநிலை மட்டுமல்ல, அது ஒரு வேலைப் பிரிவினை. சென்னையின் ஸ்மார்த்தப் பெண்களது வீட்டுச் சடங்குகளை ஆராய்ந்து மேரி ஹேன்காக் 1999இல் வெளியிட்ட நூல் இந்தச் சமையலறைப் பக்கத்தைத் திறந்து காட்டியது. முதலாளியின் வரவேற்பறையில் உட்கார்ந்த சிங்கருக்கு அது தெரியவில்லை. அதேபோல, 1955இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் 1958இல் கிண்டி தொழிற்பேட்டையும் எழுந்த நகரத்தில், தொழில்மயமாதலின் கதை முதலாளிகளின் வாயிலிருந்து மட்டும் கேட்கப்படுகிறது. எந்தத் தொழிலாளி எந்த விதியின்படி வீட்டையும் ஆலையையும் கூறுபடுத்தினார்? கூறுபடுத்த அவருக்கு ஒரு வீடாவது இருந்ததா?

6

இங்கே எம்.எஸ்.எஸ். பாண்டியனைக் கொண்டுவர வேண்டும். அடையாறு காந்தி நகரில், மால்கம் ஆதிசேசய்யா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். பின்னர் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து 2014 நவம்பரில் காலமானார். நாஞ்சில்நாட்டு விவசாய மாற்றம் பற்றிய பொருளாதார ஆய்வில் தொடங்கி, சினிமாவுக்கும் சாதி அரசியலுக்கும் வந்தவர். எம்.ஜி.ஆர். பற்றிய அவரது நூல் 1992இல் வந்தது. ஏழைகள்மேல் வரிச்சுமையை ஏற்றிய ஒரு ஆட்சியை ஏழைகளே ஏன் கொண்டாடினார்கள் என்ற கேள்வியோடு அவர் சினிமாக் கொட்டகையைப் பார்த்தார். சிங்கர் சபாவில் உட்கார்ந்தார், பாண்டியன் தரை டிக்கெட்டுப் பக்கம் போனார். நிகழ்த்துதலும் பார்வையாளரும் இருவருக்கும் பொது.

பாண்டியன் 2002இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மேல்சாதியினரின் தன்வரலாறுகளையும் தலித் தன்வரலாறுகளையும் எதிரெதிரே வைக்கிறது. முதல்வகையில் சாதி ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. குடும்பம், பழக்கவழக்கம், ரசனை, பண்பாடு என்று வேறு பெயர்களில் அது பேசுகிறது. இரண்டாவதில் சாதி தன் பெயரிலேயே பேச வேண்டியிருக்கிறது. பேசினாலோ, நவீனத்துக்கு ஒத்துவராத ஆள் என்ற பட்டம். பொதுவெளி நவீனத்துக்கு, வீடு சாதிக்கு என்ற பிரிவினை யாருக்கு வசதியானது என்பது பாண்டியனின் கேள்வி.

இப்போது சிங்கரின் 'கூறுபடுத்தலை' இதன் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் சாமர்த்தியமான தகவமைப்பு என்று பார்த்ததைத்தான் இன்னொருவர் சாதியை மறைத்து வைக்கும் ஏற்பாடு என்று பார்க்கிறார். தரவு ஒன்றுதான். ஆபீசில் சாதி பார்ப்பதில்லை என்று அந்தத் தொழிலதிபர் சொல்வது பொய்யல்ல. பார்க்காமல் இருக்கும் வசதி அவரிடம் இருக்கிறது என்பதே விஷயம். அவருடைய சாதி வீட்டில் பத்திரமாக இருக்கிறது. சேரியிலிருந்து வருபவருக்கு அப்படிக் கழற்றி வைத்துவிட்டு வரமுடியாது. அவர் வாயைத் திறக்காவிட்டாலும் அவருடைய விலாசம் பேசிவிடும். இன்றைக்கும் மயிலாப்பூரிலோ அடையாறிலோ வாடகைக்கு வீடு தேடிப் போகிறவரிடம் 'நீங்க வெஜ்ஜா?' என்று சிரித்த முகத்தோடு கேட்கப்படும் கேள்வி எந்த அறையிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, சிங்கரைப் பாண்டியன் வழியாகப் படித்தால் போதும்.

7

சிங்கரின் நிகழ்த்துதல் இலக்கணத்தில் நிகழ்த்துபவர் உண்டு, பார்வையாளர் உண்டு. வாத்தியத்தைச் செய்தவர் இல்லை. மாடு, ஆடு, எருமைத் தோல்களை வாங்கி, பதமாக்கி, வாரிழுத்து மிருதங்கம் செய்யும் கைகள், பெரும்பாலும் தலித் கிறித்தவர்களுடையவை, கச்சேரியின் எந்த வரையறைக்குள்ளும் வரவில்லை. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' நூலின் வெளியீட்டுக்கு 2020இல் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கம் தர ஒப்புக்கொண்டு, பிறகு அனுமதியை விலக்கிக்கொண்டது. நூல் தரமணியில் இதழியல் கல்லூரி ஒன்றில் வெளியானது. சிங்கர் விட்ட இடைவெளி வெறும் கல்விப்புலக் கவனக்குறைவல்ல என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது. மேடைக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக்கூடாது என்பதில் இன்னமும் காவல் இருக்கிறது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்துக் கடற்கரையில் கச்சேரியையும் பறையையும் ஒரே விழாவில் வைத்தபோது கிளம்பிய ஆதரவும் எரிச்சலும் இதே காவல் எல்லையைத் தொட்டதால் வந்தவை.

சிங்கர் பிற்காலத்தில் பியர்ஸின் குறியியலுக்குப் போனார். 1984இலும் 1991இலும் வந்த நூல்களில் 'தான்' என்பதும் நகரம் என்பதும் குறிகளின் வழியே எப்படி உருவாகின்றன என்று யோசித்தார். அமெரிக்க நகரம் ஒன்றுக்கும் அதே கண்களோடு போனார். தான் எங்கே உட்கார்ந்து பார்த்தோம் என்பதையும் ஒரு குறியாகப் படிக்க அவருடைய கருவியே இடம்தருகிறது. அந்த வேலையை நாம்தான் செய்யவேண்டும்.

தமிழில் ஆய்வு செய்ய வரும் முதல் தலைமுறை மாணவர் தன் தெருவைப் பற்றி எழுதினால் 'இது சொந்தக் கதையாச்சே, இதில் தூரம் இல்லையே' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வே. ராகவன் தன் மரபைப் பற்றி எழுதியபோது அது சமூக அறிவியலாக ஏற்கப்பட்டது. இந்த இரண்டு அளவுகோல் இருக்கும்வரை சிங்கரின் வரைபடமே நகரத்தின் வரைபடமாக நீடிக்கும். செயல்பாட்டாளர்களுக்கும் இதில் வேலை உண்டு. சேரியையே ஆய்வுப்பொருளாக்கிப் பழகிவிட்டோம். அங்கே வறுமையைக் கணக்கெடுக்கிறோம், சடங்கைப் படம்பிடிக்கிறோம். அடுக்ககத்து நலச்சங்கக் கூட்டத்தையும் சபா கமிட்டியையும் கல்யாண மண்டபத்து வாடகை விதிகளையும் சமையல்கட்டையும் அதே நுணுக்கத்தோடு யார் கணக்கெடுப்பது? காலம், நிரல், நிகழ்த்துபவர், பார்வையாளர், இடம், சந்தர்ப்பம் என்று சிங்கர் கொடுத்த ஆறு கேள்விகள் கையில் இருக்கின்றன. இதைச் சாத்தியமாக்க உழைத்தவர் யார், உள்ளே விடப்படாதவர் யார் என்ற இரண்டைச் சேர்த்துக்கொண்டு மாடவீதியிலிருந்தே தொடங்கலாம்.